குறை சொல்லாத ஒரு வாரம்

13 யூலை, சனி

இந்தச் சுவிஸ் மலையூரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு நானும் விளம்பரம் செய்தவனாவேன். மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, இரண்டுக்கும் நடுவில் கம்பியில் ஊர்ந்து போகும் கேபிள் கார்கள். எல்லா வீட்டுப் பல்கனியிலும் ஒரே பூ, ஒரே சிவப்பு. தெருவெல்லாம் மாட்டுச் சாணி மணக்கிறது. அந்த மணத்தை மூக்கு விடைக்க இழுத்துவிட்டு, ஆகா என்ன காற்று என்று மெச்சுவதற்காக உலகத்தின் மூலைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிகிறார்கள். எங்கள் ஊரில் அதே மணத்துக்கு வெட்கப்பட்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஓடினவன் நான்.

இந்தக் கொப்பியை நேற்றுத்தான் பேர்ணில் வாங்கினேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. ஆனால் இந்த வாரம் வாய்க்குத் தடை விழும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. கைக்கு யாரும் தடை போட முடியாது.

தடை காருக்குள் வந்தது. மகள் ஆரணி ஓட்டினாள். யோகம் முன் இருக்கையில். நான் பின்னால், சோற்றுப் பானைக்கும் அரிசிமாப் பைக்கும் நடுவில்.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் யோகம், திரும்பாமலே. "ஒரு கிழமை. வாற சனிக்கிழமை மட்டும் உங்கட வாயில இருந்து ஒரு குறை வரக்கூடாது. ஆக்களைப் பற்றியும் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றியும் வேண்டாம். மலையைப் பற்றியும் வேண்டாம்."

"வந்தால்?"

"வந்தா நான் ஆரணியோட போய் லோசானில இருக்கிறன். நீங்கள் உங்கட குறையளோட பேர்ணில இருங்கோ."

"முப்பது வருசம் கழிச்சு இதென்ன கண்டறியாத கதை?"

"இப்ப சொன்னது கணக்கில இல்லை. இனிமேல் சொன்னாத்தான் கணக்கு."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்து ஆரணியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மா போன மாசமே கேட்டவா அப்பா. நான் கட்டிலும் வாங்கிட்டன்," என்றாள்.

கட்டில் வாங்கியாயிற்று. அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் ஏப்ரலில் நடந்த சாமத்திய வீடு. யோகத்தின் தம்பி தயாபரன் தன் மகள் மிதுனாவை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து மண்டபத்து வாசலில் இறக்கினான். பிறகு மூத்த மாமா என்று சொல்லி ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். ஒரு பெண் பிள்ளை பெரியவளானதை வானத்துக்கு ஏன் அறிவிக்க வேண்டும், பறவைகளுக்கு என்ன அலுவல் என்று கேட்டேன். கேட்டது நியாயமான கேள்வி. சிலர் சிரித்தார்கள். பிள்ளை அழுததாகப் பிறகு சொன்னார்கள், நான் கவனிக்கவில்லை. அவளுடைய கண்மை கழுத்து மாலைவரை வடிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தயாபரன்தான் இப்போது இந்த மலை வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களையும் அழைத்திருக்கிறான். கோபித்துக்கொண்டு இருந்திருந்தால் மதித்திருப்பேன். மன்னித்துவிட்டவனைப் போல் வாசலில் நின்று கட்டிப்பிடிக்கிறான். அவனுடைய வியர்வை என் சேட்டில் ஒட்டிக்கொண்டது.

பெட்டிகளை இறக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தாயின் பிறந்தநாளுக்கு ஆரணி வாங்கிக் கொடுத்த மலைச் சப்பாத்து வரவில்லை. அது எங்கே என்று எனக்குத் தெரியும். டிசெம்பரில் ஊருக்குக் கொண்டுபோகக் கட்டியிருக்கும் பெட்டியில், எங்கள் நிலவறையில். யோகத்தின் தங்கை வதனியின் மகள் கிளிநொச்சிப் பக்கத்தில் நடந்துபோய்ப் படிப்பிக்கிறாளாம், அவளுக்காம். எங்கள் சனத்தின் வழக்கம் இது. நல்ல பொருள் எது கைக்கு வந்தாலும் ஊருக்குப் போகும் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும். நாங்கள் பழையதைப் போட்டுக்கொண்டு திரிவோம். யோகம் போட்டு வந்திருப்பது முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலைக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்து. காரிலிருந்து கால் எடுத்து வைக்கும்போது அடியைப் பார்த்தேன். விரால் மீனின் முதுகைப் போலத் தேய்ந்து வழுவழுவென்றிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அதுவும் குறைதானே? சட்டம் அவள் போட்டது.


14 யூலை, ஞாயிறு

காலையில் கேபிள் கார். எட்டுப் பேருக்கான பெட்டிக்குள் பத்துப் பேரின் மூச்சு. எனக்கு எதிரே ஒரு குடும்பம் உரித்த அவித்த முட்டையைக் கைமாற்றிக்கொண்டு வந்தது. அவர்களுடைய நாய் என் சப்பாத்தை நக்கியது. எல்லோரும் நாயைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மேலே ஏறியதும் 'வெறுங்கால் பாதை'. சப்பாத்தைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, சேறு, மரத்தூள், பைன் காய், கூழாங்கல் என்று ஒவ்வொன்றிலும் மிதித்து நடக்க வேண்டும். நானும் மிதித்தேன். எனக்கு முன்னால் எத்தனை பேருடைய பாதங்கள் அந்தச் சேற்றில் கரைந்திருக்கும் என்பதை நினைத்தால் இரவுச் சாப்பாடு இறங்காது. கடைசியில் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி. அதற்குள் கொக்கைப் போல ஒவ்வொரு காலாகத் தூக்கி நடக்க வேண்டும். இரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். தொட்டியின் மேல் யாருடையதோ ஒரு பிளாஸ்டர் மிதந்தது.

சிறகு செருகிய தொப்பியும் அரைக் காற்சட்டையுமாக வந்த தயாபரன் என் தோளில் தட்டினான்.

"என்ன அத்தான், விடியத் தொடக்கம் ஒரு கதையுமில்லை. பல்லுக்கொதியோ?"

"அவரைச் சும்மா விடடா தம்பி," என்றாள் யோகம். "விரதம்."

"ஓ! கந்தசட்டி இந்தமுறை யூலையிலயே துவங்கிட்டுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மிதுனா மட்டும் சிரிக்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் "ஓம் மாமா" என்று என் சட்டைப் பொத்தானுக்குப் பதில் சொல்கிறாள்.

யோகம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றபடி சிரித்தாள். அவள் அப்படிச் சிரிக்கக்கூடிய ஆள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.


15 யூலை, திங்கள்

அரியண்டம். இன்றைக்கு வேறு சொல் கிடையாது.

மலை மேய்ச்சல் குடிசையொன்றில் 'நீங்களே பாற்கட்டி செய்யலாம்' என்று கூட்டிப்போனார்கள். வாசலில் ஈ. உள்ளே ஆளுயரச் செப்புக் கிடாரம், அதற்குள் மஞ்சள் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கட்டி. கிடாரத்துக்குச் சொந்தக்காரன் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிவிட்டு, வாருங்கள், நீங்களும் விடுங்கள் என்று அழைத்தான். அவன் கையில் மயிர் அடர்ந்திருந்தது. சுற்றுலா வந்த சனம் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராகக் கையை விட்டது. பிறகு அதே கட்டியைப் பிழிந்து, அதே ஆட்களுக்கு ஒவ்வொரு துண்டு தந்தார்கள். தின்றார்கள். நான் என் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். இப்போது சட்டையும் மணக்கிறது.

இருபத்தாறு வயதில் வடமராட்சிக் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். என் வகுப்பில் பின்ன எண்களைக் கூட்டத் தெரியாமல் தண்டனையாக வாங்கின்மேல் ஏறி நின்றவன் தயாபரன். அவன் எனக்கு முன்னால் சுவிஸுக்கு வந்தான். நான் வந்து இறங்கியபோது, தான் வேலை செய்த உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். முதல் நாள், ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்ற என்னிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்: "அத்தான், அந்தப் பானையையும் ஒருக்கா." அந்த 'ஒருக்கா'வை நான் மறக்கவில்லை. இப்போது அவனுக்குச் சொந்தமாக உணவகம் இருக்கிறது. எனக்குக் கோப்பை கழுவ இயந்திரம் இருக்கிறது. அதற்கு ஊட்டுவது என் வேலை.

யோகமும் கிடாரத்துக்குள் கையை விட்டாள். அவள் கட்டியைத் திரட்டிய விதத்தைப் பார்த்து அந்த மயிர்க் கைக்காரன் மெச்சினான். அவன் சொன்னதை ஆரணி மொழிபெயர்த்தபோது யோகத்தின் முகம் சிவந்தது. இவ்வளவுக்கு இவளுக்கு என்ன மகிழ்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை. புட்டுக்கு மாக் குழைக்கிற கை, பாற்கட்டியைத் திரட்டாதா? வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

திரும்பி வருகையில் சாணி ஈரத்தில் யோகத்தின் கால் வழுக்கியது. ஆரணியின் கையைப் பிடித்துச் சமாளித்தாள். இருவரும் சிரித்தார்கள். நான் பின்னால் வந்தேன். அந்த வெள்ளைச் சப்பாத்தின் அடி என் கண்ணுக்கு நேரே திரும்பியது. ஒரு கோடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாக ஒரு குறையும் சொல்லவில்லை. பார்ப்போம் யார் வெல்கிறார்கள் என்று.

இரவுச் சமையல் தயாபரன். ஆட்டுக்கறி. பக்கத்து வீட்டு ஜேர்மன் சோடி யன்னலைச் சாத்தியது. அவர்களுடைய பாற்கட்டி மணத்தைவிட இது மேல் என்று நினைத்தேன். உடனே, வீடு முழுக்கத் தெறித்த எண்ணெயையும் தயாபரனின் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மசாலாவையும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு இடமில்லை.


16 யூலை, செவ்வாய்

மழை. நாள் முழுக்கச் சீட்டுக் கட்டை வைத்து முந்நூற்றி நாலு விளையாடினார்கள். தயாபரன் துரும்பை மறைத்துக் கள்ள விளையாட்டு விளையாடினான். கண்டும் சொல்லவில்லை.


17 யூலை, புதன்

மழை விட்டது. இன்றைக்கு நின்றபடி ஓட்டும் உதைவண்டி. பெரிய சில்லு வைத்து, பிரேக் பூட்டி, மலைச் சரிவில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் தலைக்கவசம். முதல் நாள் யாரோ ஒருவனுடைய தலையில் ஊறிய கவசம். உள் பஞ்சு இன்னும் ஈரம். அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். இப்போது என் தலையில் இன்னொருவனுடைய மணம் இருக்கிறது. இரண்டு முறை கழுவிவிட்டேன். போகவில்லை.

தயாபரன் "விலகுங்கோ, விலகுங்கோ, அம்புலன்ஸ் வருது!" என்று கத்திக்கொண்டு இறங்கினான். நான் நடந்து இறங்கினேன். வளைவொன்றில் குழந்தையொன்று வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் நான் கண்ட ஒரே உண்மையான ஆள்.

மாலையில் பல்கனியில் தனியே இருந்தேன். யோகம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இஞ்சி போட்டு. வீட்டில் அவள் எனக்காக இஞ்சி போடுவதை ஏப்ரலோடு விட்டுவிட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்தாள். முன்னால் மலை செம்மண் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏலுது என்ன உங்களுக்கு," என்றாள்.

"எது?"

"வாயை அடக்க. நான் ரெண்டு நாள் கூடத் தாங்க மாட்டியள் எண்டு நினைச்சனான். தம்பியும் சொன்னவன், அத்தான் மாறிட்டார் எண்டு."

"அவன்ர சான்றிதழ் எனக்கு வேணுமோ?"

சொன்னவுடனேயே நாக்கைக் கடித்தேன். ஆனால் அவள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சிரித்தாள். "நாளைக்கு மேல ஏரிக்கு நடக்கப் போறம். வழி கொஞ்சம் கரடாம். மழை பெய்த ஈரமும் இருக்கும்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏதும் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ. நல்லதாக் கேட்டா நான் கணக்கில எடுக்க மாட்டன்," என்றாள்.

அவளுடைய கால் என் கதிரைக் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளைச் சப்பாத்து. நாடா சாம்பல் நிறமாகிவிட்டது.

"எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை," என்றேன்.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ தெரியாது. வாயை மூடு என்றால் மூட வேண்டும், திற என்றால் திறக்க வேண்டும், நான் என்ன தண்ணீர்க் குழாயா? நாலு நாள் நான் பட்ட பாட்டை ஒரு இஞ்சித் தேத்தண்ணியில் கழுவிவிடலாம் என்று நினைக்கிறாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரைக்கும் அவள் கேட்ட மௌனத்தை அவளுக்குக் குறையில்லாமல் தருவேன்.


18 யூலை, வியாழன்

வெயில். காலைச் சாப்பாட்டுக்கு நேற்றைய ரொட்டியும், மாடு நக்கியது போன்ற ஒரு வெண்ணெயும். தயாபரன் எல்லோருக்கும் பாண் வெட்டி, சீனிச்சம்பல் வைத்துப் பொதி கட்டுகிறான். யோகம் வாசற்படியில் இருந்து வெள்ளைச் சப்பாத்தின் நாடாவைக் கட்டுகிறாள். இரட்டை முடிச்சு போடுகிறாள்.

பத்து மணிக்குப் புறப்படுகிறோம்.


19 யூலை, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத வசதி இருக்கவில்லை.

ஏரி என்றார்கள். ஒரு குட்டை. கரையில் நாற்பது பேர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கல்லில் காயப்போட்டுவிட்டு, பாற்கட்டி தின்றுகொண்டிருந்தார்கள். மர்மொட் என்ற கொழுத்த மலை அணில் ஒன்று வளையிலிருந்து தலையை நீட்ட, எல்லோரும் கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். அதற்குக் கரட் கொடுத்துப் பழக்கிவைத்திருக்கிறார்கள். பிச்சைக்காரப் பிராணி. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இறங்கும்போது நடந்தது. கற்பாதை முடிந்து புல் சரிவு தொடங்கும் இடம். முன்னால் தயாபரன், அடுத்து மிதுனா, ஆரணி, யோகம். நான் எல்லோருக்கும் பின்னால், என் வழக்கப்படி. யோகம் மிதுனாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். சாமத்திய வீட்டுச் சேலையின் நிறத்தைப் பற்றியென்று நினைக்கிறேன். ஈரப் புல்லின் மேல் வலது குதி வைத்தாள். அது நழுவுவதை அவளுக்கு முன்பே நான் கண்டேன்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. அவள் கத்தவுமில்லை. புல்லில் சறுக்கிப் போய்ப் பாறையொன்றில் முட்டி நின்றாள். கால் பாதம் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ கை என்பதுபோல.

மிதுனா தன் மேற்சட்டையைக் கழற்றி அவள் தலைக்குக் கீழ் வைத்தாள். தயாபரன் தொலைபேசியில் கத்தினான். அவனுடைய ஜேர்மன் இன்னும் பின்ன எண் கூட்டியதுபோலத்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தவனுக்கு விளங்கியது. ஆரணி தாயின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் யோகத்தின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ என் கையில் அதைத் தந்திருந்தார்கள். ஒரு ஆண் மலையுச்சியில் பெண்ணின் கைப்பையோடு நிற்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

மீட்பு ஹெலிகொப்டர் வந்தது. காற்றில் தயாபரனின் சிறகுத் தொப்பி பறந்து ஏரிப் பக்கம் போனது. அவன் பார்க்கக்கூட இல்லை. யோகத்தைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டினார்கள். ஊசி போட்டிருந்தார்கள், கண் பாதி சொருகியிருந்தது. தம்பியின் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"தயா, கண்டியே, நானும் ஹெலிகொப்டரில போறன். ஒலிவாங்கியை அத்தானிட்டக் குடு. ஏதும் சொல்லுறாரோ எண்டு கேள்."

தயாபரன் அழுதுகொண்டே சிரித்தான். மிதுனா என்னைப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக நேராக முகத்தைப் பார்த்தாள்.

பள்ளத்தாக்கு ஊரின் ஆஸ்பத்திரி. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைவு, மணிக்கட்டும் உடைவு. நேற்று மாலையே சத்திரசிகிச்சை செய்துவிட்டார்கள். இன்று காலை பார்க்கப் போனோம். சுவரெல்லாம் மருந்து வாடை. பக்கத்துக் கட்டில் கிழவி காலைக் கஞ்சியைத் தாடையில் வழிய விட்டுக்கொண்டிருந்தாள். தாதிப் பெண் யோகத்தின் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தாள். வெள்ளைச் சப்பாத்தை வெளியே எடுத்து, அடியில் கட்டைவிரலால் தடவிக் காட்டி, சுவிஸ் ஜேர்மனில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் யோகம்.

ஆரணி தயங்கினாள். "இதோட மலைக்குப் போறதை ஒருத்தரும் காணேல்லையோ எண்டு கேக்கிறா."

பிறகு அவளே தாயிடம் திரும்பினாள். "மலைச் சப்பாத்து எங்கயம்மா? நான் வாங்கித் தந்தது?"

"அது... வதனியின்ர பிள்ளைக்கு எண்டு வைச்சிட்டன். அவள் பாவம், செருப்போட நடக்கிறாள்."

ஆரணி பெரிதாகச் சத்தம் போடப் போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானும் பார்த்திருக்கவேணும். பாற்கட்டிக்குப் போன அண்டைக்கே நீங்கள் வழுக்கினீங்கள். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டன்."

"உனக்கு உதுகள் கண்ணில படாது பிள்ளை. அது உன்ர பிழையில்லை," என்றாள் யோகம்.

பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்கொன்றை மனதுக்குள் போட்டுப் பார்க்கிற ஆளைப் போல.

"இஞ்சருங்கோ. கலியாண வீட்டில மாப்பிள்ளையின்ர வேட்டிக் கரையில நூல் விட்டிருந்தாக் காணுற ஆள் நீங்கள். கோயிலில ஐயர் மந்திரத்தில ஒரு வரி விட்டாக் காணுற ஆள். என்ர சப்பாத்தை மட்டும் காணேல்லையோ?"

கண்டேன் என்றால் ஒரு மாதிரி. காணவில்லை என்றால் பொய். அதையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"நீதானே ஒண்டும் சொல்லக்கூடாது எண்டனீ," என்றேன்.

தாதி எங்களுடைய மொழி விளங்காமலே வெளியே போய்விட்டாள்.

"ஓம்," என்றாள் யோகம். "நான்தான் எண்டனான்." பிறகு, "எப்பவிருந்து கண்டனீங்கள்?"

"சனிக்கிழமை. காரால இறங்கேக்க."

"அப்ப, புதன்கிழமை பல்கனியில நான் கேக்கேக்கயும் தெரியும்."

நான் யன்னலைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே ஒரு புல்வெளி, அதில் ஒரு மாடு, கழுத்தில் அண்டாவளவு மணி. அது தலையசைக்கும் ஒவ்வொரு முறையும் மூளைக்குள் அடித்தது. பகலிரவாக இதைக் கட்டிக்கொண்டு அந்தப் பிராணி எப்படி நித்திரை கொள்கிறது? இந்த நாட்டில் ஒருவருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லையா?

"ஆரணி," என்றாள் யோகம். "அந்தப் போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிடு பிள்ளை. குளிருது."

நான்தான் பக்கத்தில் நின்றேன்.


20 யூலை, சனி

நிபந்தனைப்படி நான் வென்றுவிட்டேன். ஒரு வாரம் முழுக்க என் வாயிலிருந்து ஒரு குறை வரவில்லை. இன்று ஆஸ்பத்திரி வாசலில் யோகமும் அதைத்தான் சொன்னாள்.

தள்ளுநாற்காலியில் கொண்டுவந்து, ஆரணியின் காரில் பின் இருக்கை முழுவதும் தலையணை வைத்து ஏற்றினார்கள். தயாபரன் அக்காவைத் தூக்கிக் காருக்குள் வைத்தான். நான் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. காரின் மூக்கு லோசான் பக்கம் திரும்பி நின்றது.

"நீங்கள் வெண்டிட்டியள்," என்றாள் யோகம். "நான் இல்லையெண்டு சொல்லேல்ல."

"அப்ப?"

"அப்ப என்ன? வெண்டவர் வீட்டை போங்கோ." தலையணையில் சாய்ந்துகொண்டு, "குறை சொல்லுற மனுசனோட முப்பது வருசம் இருந்தனான். அது பழகிட்டுது. இது எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"கால் சுகப்பட்டாப் பிறகு..." என்று தொடங்கினேன்.

ஆரணி கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் அதைப் பற்றி எழுத ஏதாவது இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள். அவள் வாங்கிவைத்த அந்தக் கட்டிலில் இன்று யோகம் படுப்பாள்.

நான் தயாபரனின் காரில் வந்தேன். மிதுனா பின்னால் இருந்தாள். காருக்குள் பழைய ஆட்டுக்கறி வாடை, காலுறை வாடை, யாரோ தின்று வைத்த வாழைப்பழத் தோல். வழியெல்லாம் அவன் ஒரு பகிடி விடவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னைக் குற்றம் சொல்லவில்லை. சுரங்கப்பாதைக்குள் போகும்போது, "அத்தான், கண்ணாடியை ஒருக்காச் சாத்துங்கோ," என்றான். சாத்தினேன். அவ்வளவுதான் பேச்சு. கத்தியிருந்தால் நானும் நாலு சொல்லித் தீர்த்திருப்பேன். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன. எடுப்பதற்கு அவன் ஒரு இடமும் தரவில்லை.

வீட்டு வாசலில் என் பையை இறக்கித் தந்தான். வெள்ளைச் சப்பாத்து இருந்த பிளாஸ்டிக் பையையும் தந்தான். அதை ஏன் எறியாமல் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை. புல்லும் சாணியும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மணக்கிறது.

வீட்டுக்குள் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த மணம். பூட்டும்போது குப்பைப் பையை எடுக்க மறந்திருக்கிறோம். சமையலறையில் சிறு பூச்சிகள். இதைச் சொல்வதற்குத் திரும்பினேன். பிறகு போய் நானே எடுத்துக் கட்டி வெளியே வைத்தேன்.

நிலவறைக்கு இறங்கினேன். ஊருக்குப் போகும் பெட்டி அதே மூலையில். கயிற்றை அவிழ்த்தேன். பால்மாப் பெட்டி, துவாய்கள், சொக்கிலேட், வதனி பிள்ளைக்கு என்று எழுதிய உறைக்குள் ஒரு குடை. அடியில் சப்பாத்துப் பெட்டி. மூடியில் ஆரணியின் கையெழுத்து: "அம்மாவுக்கு. கட்டாயம் போடவேணும்." உள்ளே அடைத்திருந்த கடதாசிகூட எடுக்கவில்லை.

மின்குமிழுக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தையலைப் பார்த்தேன். நாடா போகும் வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். குதியை வளைத்துப் பார்த்தேன். கையை உள்ளே விட்டு, விரல் நுனிவரை தடவிப் பார்த்தேன். கவிழ்த்து அடியைப் பார்த்தேன். ஆழமான பற்கள், ஈரப் புல்லைக் கடித்துப் பிடிக்கும் பற்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. தானாக அணையும் விளக்கு அணைந்தது. சுவர் ஆளியை அமுக்கி விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

நல்ல சப்பாத்து. ஒரு குறையும் இல்லை.